ஒரு மரக்குதிரையும் சொல்லாத ஒரு வார்த்தையும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பேரவைச் செயலாளர் என்னிடம் வந்தபோது, "அரம் பிடிக்கச் சொல்லு பிடிக்கிறேன், பேனா மட்டும் பிடிக்கச் சொல்லாதே" என்று தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். என் அம்மா கைநாட்டு. ஆனால் என்னைவிட விவரமானவர்.

"அந்தப் பொஸ்தகம் எத்தினி பேரு வூட்டுக்குப் போவும்?" என்று கேட்டார்.

"எல்லாப் பசங்க வீட்டுக்கும் போகும்மா. திண்டிவனம், வந்தவாசி, சேத்துப்பட்டு, ஆரணி, திருவண்ணாமலைன்னு எல்லா ஊர்ப் பசங்களும் இருக்காங்க."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுப்பில் இருந்த கடலையை ஒரு கிளறு கிளறிவிட்டுச் சொன்னார். "அப்ப அந்தக் குதிர கதய எழுது. ஒருவேள அவரு கண்ணுல படும்."

ஆகவே எழுதுகிறேன். இது கதையல்ல, நடந்தது. நடையில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் செஞ்சி. அப்பா, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குகிறவர். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் மலைபோல் வந்து குவியும்போதுதான் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு வாசனை வரும். அம்மா வார நாட்களில் களையெடுப்பு, நடவு என்று போவார். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் வந்தால் கோட்டை வாசலில் அவித்த வேர்க்கடலை விற்பார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். 'டிப்ளமா' என்ற சொல்லை அப்பாவுக்குச் சரியாகச் சொல்ல வரவே ஒரு வருஷம் ஆயிற்று.

செஞ்சிக் கோட்டையைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் மதில்களால் இணைத்துக் கட்டிய கோட்டை. ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். 1677-இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து இருந்தபோது முகலாயப் படை வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு, 1698-இல்தான் கைப்பற்ற முடிந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள், 1761-இல் ஆங்கிலேயர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருந்தன. மீதி ஒன்று நம் செஞ்சி. அன்றைக்கு நம் ஹாஸ்டலில் நான் போட்ட ஆட்டத்தை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு இந்த வருஷக் கணக்கெல்லாம் பிறகுதான். முதலில் தெரிவது தேசிங்கு ராஜாவும் அவர் குதிரையும். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இளம் வயதிலேயே மாண்டுபோன தேசிங்கைப் பற்றித் தெருக்கூத்திலும் பாட்டிகளின் வாயிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். குதிரை இல்லாத தேசிங்கை எங்களால் நினைத்தே பார்க்க முடியாது. எனவே எனக்கும் ஒரு குதிரை வேண்டுமென்று அழுதேன்.

எனக்கு ஐந்து வயதிருக்கும். ஓர் அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். செஞ்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கடைத்தெருவில் அப்பா ஒரு மரக்குதிரை வாங்கித் தந்தார். ஒரு சாண் நீளம். நான்கு சிவப்புச் சக்கரம். மூக்கில் கயிறு கட்டி இழுக்கலாம். மரத்தில் வண்டி செய்து பிள்ளைகளுக்குக் கொடுப்பது நம் நாட்டில் புதிதல்ல. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே, தச்சர் செய்த சிறுதேரை உருட்டி விளையாடிக் களைத்துப்போகும் பிள்ளைகள் வருகிறார்கள் என்று பள்ளியில் தமிழ் ஐயா சொன்னபோது, எனக்கு என் குதிரை ஞாபகம்தான் வந்தது.

அதற்கு 'ராஜா' என்று பெயர் வைத்தேன். சாப்பிடும்போது பக்கத்தில் நிற்கும். தூங்கும்போது தலைமாட்டில் நிற்கும். ஒருநாள் திண்ணையிலிருந்து விழுந்து இடது காது உடைந்தது. அதற்கு மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடச் சொல்லி அழுதேன். அம்மாவும் போட்டார்.

2014-ஆம் ஆண்டு, காணும் பொங்கல். கோட்டைக்குக் கூட்டம் வேனிலும் லாரியிலும் வந்து இறங்கியது. எள் போட்டால் எள் விழாது. அம்மா டிக்கெட் கவுண்டருக்கு வெளியே கடலைக் கூடையை வைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆறு வயது. ஒரு மஞ்சள் பையில் நான்கு பொட்டலம் கடலை போட்டு, "உள்ள வெள்ளரிக்கா பாட்டி கீறாங்க பாரு, அவங்களாண்ட குடுத்துட்டு ஓடியா. வேற எங்கியும் போவாத" என்று அனுப்பினார். அதே பையில் ராஜாவையும் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாட்டியிடம் நேராகப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் வரிசையாகக் குதிரை லாயம் இருக்கிறது அல்லவா? ராஜாவை ஒருமுறையாவது அந்த லாயத்தில் கட்டிப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அங்கே போனேன். குதிரையை எடுப்பதற்காகப் பைக்குள் கையை விட்டேன். கடலை வாசனைக்கு எங்கிருந்தோ ஒரு குரங்கு வந்தது. நம் கோட்டைக் குரங்குகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரே இழுப்பு. பை அதன் கையில். அடுத்த நொடி சுவர்மேல், அதற்கடுத்த நொடி சுவருக்கு அந்தப் பக்கம்.

நான் அழுத அழுகையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். "குரங்கு தூக்கினு போயிடுச்சா? போச்சு போ" என்று சிரித்தபடி போய்விட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. விழா நாளில் அழாத குழந்தை உண்டா?

ஒருவர் மட்டும் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, காதுமேல் ஒரு துண்டுப் பென்சில். என் முன்னால் மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார். "அழாதே" என்று அவர் சொல்லவில்லை. "இன்னா கண்ணு தொலஞ்சிது?" என்று கேட்டார்.

"ராஜா."

"ராஜான்னா யாரு? தம்பியா?"

"குதிர."

அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு உயரம், என்ன நிறம், எந்தக் காது உடைந்தது, வால் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு பெரிய மனுஷர் என் குதிரையைப் பற்றி அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. பதில் சொல்லச் சொல்ல என் அழுகை நின்றுவிட்டது. அவரோடு வந்த சொந்தக்காரர்கள் ராஜகிரி ஏறப் போயிருந்தார்கள். அவருக்கு முட்டிவலி, அதனால் கீழேயே உட்கார்ந்துவிட்டாராம். அப்படிச் சொன்ன மனுஷர்தான் அடுத்த ஒரு மணி நேரம் சுவருக்குப் பின்னால் முட்புதரில் ஏறி இறங்கித் தேடினார். நான் பின்னாலேயே போனேன். அவர் ஒரு குச்சியால் புதரை விலக்கியபோதுதான் கவனித்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றன.

முதலில் பை கிடைத்தது, கிழிந்து. பிறகு ஒரு பாறையடியில் சிவப்புச் சக்கரம் ஒன்று. குதிரை கிடைக்கவில்லை. ஆனைக்குளத்தில் விழுந்ததோ, குரங்கே கொண்டுபோனதோ, யாருக்குத் தெரியும்! அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "கெடைக்கல கண்ணு. தேடாத எடம் இல்ல. நீயும் பாத்தியே" என்றார். பொய் சொல்லி ஏமாற்றவில்லை. பிறகு, "இந்தச் சக்கரத்த நான் வச்சிக்கட்டுமா? அளவுக்கு வேணும்" என்றார். தலையை ஆட்டினேன். பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் காதுப் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். "அம்மா எங்க இருக்காங்க?" "கேட்டாண்ட கடல விக்குது." "வா, கொண்டுபோய் வுட்டுடறேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா அதற்குள் என்னைத் தேடிப் பைத்தியம் பிடித்தவர்போல் ஓடி வந்துகொண்டிருந்தார். கூட்டத்தில் பிள்ளை காணோம் என்றால் எந்தத் தாய்க்குத்தான் மூளை வேலை செய்யும்? அவர் கண்ணில் பட்டது இதுதான்: முன்பின் தெரியாத ஓர் ஆள் தன் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து வருகிறான்.

"யோவ்! யாருய்யா நீ? எம் புள்ளய எங்க இட்டுகினு போற?"

அந்த ஒரு கூச்சல் போதுமாயிருந்தது. நாலு பேர் கூடினார்கள். நாலு பத்தாயிற்று. ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன் பின்னாலிருந்து தள்ளினான். அவர் "அம்மா, கொழந்தையோட குதிர..." என்று ஆரம்பித்தார். யாரும் முடிக்க விடவில்லை.

நண்பர்களே, இங்கேதான் நான் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. அங்கே உண்மை தெரிந்தவன் நான் ஒருவன். "அம்மா, இவரு என் குதிரையத் தேடினாரு" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. கடலையும் போயிற்று, குதிரையும் போயிற்று, சொன்ன இடத்துக்கும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் அடி விழும். அந்தப் பயத்தில் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நான் பயந்து ஒளிவதைப் பார்த்த கூட்டம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

அவரைக் காப்பாற்றியது வெள்ளரிக்காய்ப் பாட்டி. கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நடுவில் புகுந்தார். "வுடுங்கடா அவர! ஒரு மணி நேரமா அந்த மனுசன் முள்ளுல பூந்து எதையோ தேடினு இருந்தாரு, இந்தப் பையனும் கூடவே நின்னான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். இன்னா ஏதுன்னு கேக்காம கைய வெக்கறீங்களே!"

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அவர் கிழிந்த பையை என்னிடம் கொடுத்தார், அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார், போய்விட்டார். அவர் முழங்கையில் முள் கிழித்த இரத்தம் இருந்தது. அம்மாவுக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. முதுகில் இரண்டு வைத்து என்னை இழுத்துப்போனார்.

இரண்டு மாதம் போயிருக்கும். வார நாள் ஒன்றில் அம்மா களையெடுப்பு முடிந்து வரும்போது, கோட்டை வாசலில் இளநீர் விற்கும் அண்ணன் கூப்பிட்டுத் துணி சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். "யாரோ ஒருத்தரு பஸ்ஸுல வந்தாருக்கா. கடல விக்கிற அம்மா பையனுக்குன்னு குடுத்தாரு. சாயந்திரம் வரிக்கும் ஒக்காந்து பாத்துட்டு இப்பதான் போனாரு."

பிரித்தால் மரக்குதிரை. ராஜாவின் அதே உயரம். தேங்காய்நாரில் வால். இடது காது பாதி. நான்கு சக்கரம். மூன்று புதிது. ஒன்று பழைய சிவப்புச் சக்கரம்! அந்தப் பழைய சக்கரத்தை வைத்து அளவெடுத்துத்தான் மற்ற மூன்றையும் கடைந்திருக்கிறார். அதில் ஒரு காகிதம் இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை. அம்மா குதிரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். திருவண்ணாமலை பஸ், திண்டிவனம் பஸ், விழுப்புரம் பஸ் என்று எல்லாவற்றிலும் ஏறிப் பார்த்தாராம். கிடைக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இது ஓர் இனிமையான நினைவு. முடியவில்லை.

2018 மே மாதம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய காலம். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு உறவினர்களோடு காரில் வந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் கூடிவிட்டது. அந்த மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்திலும் இதே வதந்தி ஐந்து உயிர்களைக் குடித்தது. வந்த ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து சாட்டுகளுக்குமேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது அந்த ஜூலையில்தான்.

அத்திமூர்ச் செய்தியை டிவியில் பார்த்த இரவு அம்மா சாப்பிடவில்லை. "ஒரு மிட்டாய் குடுத்ததுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு அலமாரியில் நின்ற குதிரையைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கு அந்தக் கெழவி மட்டும் வரலன்னா? நாந்தானடா மொத சத்தம் போட்டேன்."

எனக்குத் தாங்கவில்லை. நான்கு வருஷமாக மென்று விழுங்கியதைச் சொன்னேன். "நீ இல்லம்மா. எனக்கு எல்லாம் தெரியும். அடிப்பியோன்னு சொல்லாம நின்னேன்." அம்மா அடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "ஆறு வயசுப் புள்ள உண்மைய சொல்ல பயப்படற மாதிரி நான் வெச்சிருந்தேனே, அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்" என்றார். அன்று முதல் இன்றுவரை என்னை அவர் அடித்ததில்லை. அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் பெரிய பொட்டலமாக ஒன்று கட்டித் தனியே எடுத்து வைக்கிறார். மாலையில் அது யாராவது ஒரு குழந்தைக்குப் போகும்.

பிறகு நான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். 2023-இல், முதலாண்டுப் பணிமனையில், மரவேலைப் பிரிவில் நம் பயிற்றுநர் இழைப்பு இயந்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது, "கவனம் தப்பினா விரல் போயிடும்டா" என்று எச்சரித்தார். எனக்குப் பொறி தட்டியது. காதுமேல் பென்சில், சக்கரத்தின் அளவு, பாதியில் நின்ற இரண்டு விரல்! அவர் தச்சராகத்தான் இருக்க வேண்டும். அந்தக் குறைக் கையால்தான் என் குதிரையை இழைத்திருக்கிறார்.

இந்த ஆண்டு நம் ஆங்கில விரிவுரையாளர் வகுப்பில் ஒரு விஷயம் சொன்னார். பிராக் நகரத்து எழுத்தாளர் காஃப்கா, 1923-இல் பெர்லினில் வாழ்ந்தபோது, ஒரு பூங்காவில் பொம்மையைத் தொலைத்துவிட்டு அழுத சிறுமியைப் பார்த்தாராம். "உன் பொம்மை தொலையவில்லை, பயணம் போயிருக்கிறது. எனக்குக் கடிதம் போட்டிருக்கிறது" என்று சொல்லி, மறுநாள் தானே ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார். இப்படி நாள்தோறும், மூன்று வாரம்! கடைசியில் பொம்மைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இனித் திரும்பி வர முடியாது என்று பக்குவமாகச் சொல்லி முடித்தாராம். அவருடன் வாழ்ந்த டோரா டயமண்ட் சொல்லித்தான் இது உலகத்துக்குத் தெரியும். அந்தச் சிறுமி யாரென்று இன்றுவரை தெரியவில்லை. கடிதங்களும் கிடைக்கவில்லை. அப்போது காஃப்காவுக்குக் காசநோய். 1924 ஜூன் 3-இல், 40 வயதில், இறந்துபோனார்.

இன்னொன்றும் விரிவுரையாளர் சொன்னார். அதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காஃப்கா பிராக்கில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கால இழைப்பு இயந்திரங்களில் கத்தி பொருத்தும் சாஃப்ட் சதுரமாக இருந்தது. சாஃப்டுக்கும் மேசைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் கை சிக்கி, தொழிலாளிகளின் விரல்கள் துண்டாகிக்கொண்டிருந்தன. உருளை வடிவ சாஃப்ட் போட்டால் அந்த ஆபத்து குறையும் என்று, படங்களோடு விளக்கி அறிக்கை எழுதினார் அவர். தொழிலாளியின் விரலுக்காக அறிக்கை எழுதிய அதே கைதான் ஒரு குழந்தையின் பொம்மைக்காகவும் கடிதம் எழுதியிருக்கிறது. நம்மைப் போல மெஷின் படிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவர் கடிதம் எழுதினார். நம்மவர் குதிரை செய்தார். புதிதாக ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்திருந்தால் இரண்டு பேருக்கும் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் தொலைந்தது ஒரு பொம்மைதானே என்று அவர்கள் நினைக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதற்காகத் தங்கள் நேரத்தையும் தங்களுக்குத் தெரிந்த தொழிலையும் கொடுத்தார்கள்.

2025 காணும் பொங்கலன்று அம்மாவுக்கு உதவியாகக் கோட்டை வாசலில் நின்றேன். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று, "என் பாப்பா, என் பாப்பா" என்று தேம்பிக்கொண்டு வந்தது. கையில் பொம்மையின் செருப்பு ஒன்று மட்டும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். மீசை முளைத்த பையன் ஒருவன் தெரியாத குழந்தையோடு பேசினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? பார்க்காததுபோல இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அந்த முழங்கை இரத்தம் நினைவுக்கு வந்தது.

குழந்தையைத் தொடவில்லை. நின்ற இடத்திலேயே நாலு பேருக்குக் கேட்கும்படி, "இந்தப் பாப்பா யாரோடது? பொம்மையைத் தொலைச்சிட்டு அழுவுது" என்று கத்தினேன். பிறகு குந்தி உட்கார்ந்து, பொம்மை என்ன கலர் சட்டை போட்டிருந்தது என்று கேட்டேன். அந்தக் குழந்தையின் தாய் ஓடிவந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாருப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எம் புள்ளதாம்மா. கொழந்தையோட பொம்மயத்தான் விசாரிக்கறான். நான் பாத்துனுதான் கீறேன்."

அந்தப் பெண்ணின் முகம் இளகிவிட்டது. மூவருமாகத் தேடினோம். வேன் நிறுத்திய மரத்தடியில் பொம்மை மல்லாந்து கிடந்தது. அம்மா அன்று தனியே எடுத்து வைத்திருந்த பொட்டலத்தை அந்தக் குழந்தைக்குத்தான் கொடுத்தார்.

நண்பர்களே, நான் கற்றதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அழும் குழந்தையைக் கண்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். ஆனால் தனியே அழைத்துப் போகாதீர்கள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் நின்று, முதலில் பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். யாரும் வராவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, பக்கத்தில் போலீஸ் இருக்கிறது. அதைவிட முக்கியமானது ஒன்று. யாரையாவது கூட்டம் சூழ்ந்துகொண்டால், கையை நீட்டுகிறவர்களோடு சேராதீர்கள், வேடிக்கையும் பார்க்காதீர்கள். அந்த வெள்ளரிக்காய்ப் பாட்டிபோல, "இன்னா ஏதுன்னு கேளுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நல்லவர் ஒருவர் நல்லவராகவே வீடு திரும்ப அந்த ஒரு வார்த்தை வேண்டும். அத்திமூரில் அதை யாராவது சொல்லி, நாலு பேர் கேட்டிருந்தால், அந்த மூதாட்டி குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

கடைசியாக, அம்மா எழுதச் சொன்னது. இதைப் படிக்கும் உங்களில் யாருடைய அப்பாவோ, தாத்தாவோ, மாமாவோ, சித்தப்பாவோ தச்சு வேலை செய்பவராக இருக்கலாம். வலது கையில் இரண்டு விரல் பாதியாக இருக்கலாம். 2014 காணும் பொங்கலுக்கு வேனில் செஞ்சிக்கு வந்து, முட்டிவலியால் மலை ஏறாமல் கீழேயே தங்கியவராக இருக்கலாம். அப்படியானால் அவரிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

குதிரை நன்றாக இருக்கிறது. பழைய சக்கரம் கொஞ்சம் ஆடுகிறது, ஆனாலும் ஓடுகிறது. கடலைக்காரம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை தவறிப் பேசிவிட்டார், மன்னிப்புக் கேட்கிறார். அவர் மகன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டான். அவனும் கேட்கிறான்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை